மொழிக்குச் சொந்தக்காரர்கள்

என்னுடைய அசல் சான்றிதழ்கள் மூன்று வருடம் ஒரு பொறியியல் கல்லூரியின் பீரோவில் கிடந்தன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். வரை எல்லாமே. நம் ஊர் தனியார் கல்லூரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேரும்போது 'சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்' என்று வாங்குவார்கள். கிளம்பலாம் என்று நினைக்கும்போதுதான் அது அடமானம் என்று புரியும்.

மாதம் 14,000 ரூபாய்க்கு முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு டெக்னிக்கல் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். சேர்க்கை சரிய ஆரம்பித்ததும் நிர்வாகம் எங்களுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தது. கோடை விடுமுறையில் ஆளுக்குப் பத்து மாணவர்களைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். 2015 மே மாத வெயிலில், சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில், பிளஸ் டூ முடித்த பையனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா மோர் கொடுத்துவிட்டு, "டீச்சர், உங்க காலேஜ்ல படிச்சா வேலை கெடைக்குமா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது வந்ததுதான்.

சான்றிதழ்களை மீட்க ஆறு மாதமும் இரண்டு மாதச் சம்பளமும் போயின. அந்தக் கதை வேண்டாம்.

எந்த நாடு என்று தேடியபோது ஒன்று தெரிந்தது. ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று உலகமே கேட்கிறது. ஆனால் அந்த ஆள் எந்த பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறது. கொரியாவில் மொழி ஆசிரியருக்குத் தரும் இ-2 விசா ஏழு நாட்டுக்காரர்களுக்கு: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா–கொரியா பொருளாதார ஒப்பந்தத்தால் நமக்கும் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் இருந்தால் துணை ஆசிரியராகப் போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. அதற்குள் இந்தியரைக் கூப்பிடுகிற பள்ளியைத்தான் நான் பார்க்கவில்லை. ஜப்பானில் பாஸ்போர்ட்டை விடப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு வருடம் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று காட்டு என்கிறார்கள். நான் பத்தாவது வரை பாளையங்கோட்டையில் தமிழ் மீடியம். அதோடு அது முடிந்தது.

மாலத்தீவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து பி.எட். முடித்தவர்கள் பலர் போயிருக்கிறார்கள். அங்கே பள்ளிப் பாடமே ஆங்கில வழிதான், இந்திய ஆசிரியரைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்துவதில்லை. வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் இந்த இரண்டும்தான் புத்திசாலித்தனமான வழிகள். என் கூடப் படித்த ஒருத்தி மாலத்தீவின் ஒரு குட்டித் தீவில் நான்கு வருடம் இருந்து வீடு கட்டிவிட்டாள். நான் தாய்லாந்தைப் பிடித்தேன். காரணம் கேட்டால் பெருமையாக எதுவும் இல்லை. விமானச் சீட்டு மலிவு, நேரில் போய்த் தேடினால் கிடைக்கும் என்று படித்தேன், அவ்வளவுதான்.

தாய்லாந்தில் பள்ளிக்கூடம் மே நடுவில் திறக்கும். மார்ச், ஏப்ரலில்தான் ஆள் எடுப்பு. அடுத்தது அக்டோபர் விடுமுறையில். 2016 ஏப்ரல் கடைசியில், அறுபது நாள் சுற்றுலா விசாவோடு பாங்காக்கில் போய் இறங்கினேன். பெட்டியில் சான்றிதழ்கள், திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கிய போலீஸ் சான்று, இணையத்தில் பத்தே நாளில் முடித்த '120 மணி நேர' டெஃபல் என்ற, ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழ். 120 மணி நேரப் படிப்பு எப்படிப் பத்து நாளில் முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேம்பிரிட்ஜின் செல்ட்டா படிப்பு உண்மையான படிப்பு, நான்கு வாரம் ஆளைப் பிழிந்துவிடுவார்கள்; ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். அந்தப் பணம் இருந்திருந்தால் நான் சங்கரன்கோவில் திண்ணைக்கே போயிருக்க மாட்டேன்.

அங்கே வேலை தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அஜான் டாட் காம் என்ற தளத்தை. அஜான் என்றால் ஆசிரியர். நம் ஆச்சாரியர்தான் அப்படித் தேய்ந்திருக்கிறார். அப்போது விளம்பரங்களில் இரண்டு வகை. 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்றால் 35,000 பாத்திலிருந்து ஆரம்பம். 'நான்-நேட்டிவ்' என்றால் 18,000, 20,000. வேலை ஒன்றேதான், வகுப்பும் அதே வகுப்புதான். இரண்டாவது வரிசை அநேகமாக பிலிப்பைன்ஸ்காரர்களுக்கானது. அவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், கடினமாக உழைக்கிறார்கள், குறைந்த சம்பளத்தில் ஊருக்குப் பணமும் அனுப்புகிறார்கள். தாய்லாந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் தூக்கிப் பிடித்திருப்பதில் பாதித் தோள் அவர்களுடையது என்பேன். எல்லா விளம்பரத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: விண்ணப்பத்தோடு சமீபத்திய புகைப்படம் அனுப்பவும்.

முதல் வாரம் பதினெட்டு இடத்துக்கு அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. இரண்டாம் வாரம் புகைப்படத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். நான்கு பேர் கூப்பிட்டார்கள், நான்கு பேருமே கேட்ட முதல் கேள்வி, "போட்டோ விட்டுப்போச்சே?"

அந்த நாட்களில் மனம் சோர்ந்தால் சீலோம் ரோட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்காருவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இப்போது கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். சாமந்தி மாலையும் தேங்காயுமாக வந்து நிற்பார்கள். அந்தக் கோயிலை அவர்கள் 'வட் கேக்' என்பார்கள். 'கேக்' என்றால் விருந்தாளி என்று பொருள். இந்தியர்களையும் முஸ்லிம்களையும் குறிக்கிற சொல்லும் அதுவே. எத்தனை தலைமுறை அங்கே இருந்தாலும் நீங்கள் கேக்தான். வெள்ளைக்காரர்களுக்கு வேறு சொல் இருக்கிறது, 'ஃபராங்'. பள்ளிக்கூடங்கள் தேடியது ஃபராங் டீச்சரை. நான் கேக் டீச்சர்.

தாய்லாந்து மொழியில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்பதற்கு ஒரு சொல் உண்டு: சாவ் கோங் பாஸா. பாஸா நம் பாஷை. சாவ் கோங் என்றால் உடைமையாளர், கடைக்குச் சொந்தக்காரர் என்று சொல்வது போல. ஆக, மொழிக்குச் சொந்தக்காரர். ஆங்கிலத்தில் 'நேட்டிவ்' என்று கேட்டபோது பிறப்பைப் பற்றிய பேச்சாகத் தெரிந்தது, தாய்லாந்து மொழியில் கேட்டபோது பட்டா சிட்டா விவகாரமாகிவிட்டது. எனக்கு இந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. ஒளிவு மறைவு இல்லை.

கடைசியில் ஒரு ஏஜென்சி எடுத்துக்கொண்டது. ரோய் எட் மாகாணத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி, மாதம் 20,000 பாத். அன்றைய கணக்கில் சுமார் 38,000 ரூபாய். பத்து மாத ஒப்பந்தம், மார்ச்–ஏப்ரலில் சம்பளம் கிடையாது. பள்ளி எனக்காக ஏஜென்சிக்குக் கொடுத்தது 32,000 என்று வெகுநாள் கழித்துக் கணக்குப் பிரிவு அம்மாவிடமிருந்து தெரிந்தது. ஏஜென்சிக்காரி நல்லவள்தான், சிரித்துச் சிரித்துப் பேசுவாள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் சொன்னாள்: "யாராவது கேட்டால் சவுத் ஆப்பிரிக்கா என்று சொல்லிவிடுங்கள். அங்கே உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரச்சினை வராது."

நான் மறுக்கவில்லை. இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. மறுத்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்தது 4,300 பாத்.

மோ சிட் பேருந்து நிலையத்தில் இரவு ஏறினால் விடியற்காலை ரோய் எட். வழியெல்லாம் தட்டையான வயல். நம் ஊர் கடைகளில் 'தாய் ஜாஸ்மின் ரைஸ்' என்று விற்கிற அரிசியின் பேர்போன வயற்காடு அந்தப் பக்கம்தான். நான் போன பள்ளியில் வகுப்புக்கு நாற்பத்தைந்து பிள்ளைகள். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம், பிரார்த்தனை, அப்புறம் தலைமை ஆசிரியை பேச்சு. வெயிலில் நின்றபடியே தூங்கும் கலையை அங்கே பிள்ளைகளிடம்தான் கற்றேன். வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து ஒரே இழுவையில் "குட்ட்ட் மார்ர்ர்னிங் டீச்ச்சாஆஆ" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் நாங்கள் இழுத்த அதே ராகம்.

பெயர்களெல்லாம் தெரிந்தவை போலவே இருக்கும். தொடக்கப் பள்ளி 'ப்ரதோம்', மேல்நிலை 'மத்தயோம்': பிரதமம், மத்திமம். ஆசிரியர் 'க்ரூ', குருவேதான். ஆசிரியர்களுக்கு உரிமம் தருகிற அரசு அமைப்பின் பெயர் குருசபா. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தாய் ஆசிரியர்களைப் பிள்ளைகள் 'க்ரூ' என்றார்கள். வெளிநாட்டு ஆசிரியர்கள் எல்லோரும் 'டீச்சர்'. நாங்கள் வகுப்புக்கு வந்து போகிறவர்கள், குரு வேறு.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' நடந்தது, ஆசிரியர்களை வணங்கும் நாள். வியாழன் குருவுக்கு உரிய நாள் என்பது அங்கேயும் உண்டு. அவர்கள் மொழியில் கிழமையின் பெயரே பிரகஸ்பதியிலிருந்து வந்தது. ஆசிரியர்கள் மேடையில் வரிசையாக உட்கார, பிள்ளைகள் மண்டியிட்டு நகர்ந்து வந்து பூத்தட்டைக் கொடுத்துத் தரையில் விழுந்து வணங்கினார்கள். தட்டைப் பார்த்தால் அறுகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ. நாம் வெட்சி என்போமே, அதுதான். பக்கத்தில் இருந்த க்ரூ விளக்கினார். இட்லிப்பூவின் மொட்டு ஊசி போலக் கூர்மை, அறிவு அப்படி இருக்க வேண்டும். அறுகு மிதித்தாலும் வளரும், அந்தப் பொறுமை வேண்டும். கத்தரிப்பூ எப்போதும் தலை குனிந்தே இருக்கும், அது பணிவு. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருபது வருடம் பார்த்த கத்தரிச் செடியின் பூ குனிந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. மேடையில் வெளிநாட்டு ஆசிரியர் நான் ஒருத்திதான். சுற்றுலா விசாவில் வேலை பார்த்துக்கொண்டு, எந்த நாட்டுக்காரி என்பதில் பொய் சொல்லிக்கொண்டு, எழுபது குழந்தைகள் காலில் விழ உட்கார்ந்திருந்தேன்.

விசா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். சுற்றுலா விசாவில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாலும் அது சட்டப்படி குற்றம். "எல்லோரும் இப்படித்தான்" என்று ஏஜென்சி சொல்லும். பிடிபட்டால் எல்லோரையும் பிடிக்க மாட்டார்கள், உங்களைத்தான் பிடிப்பார்கள். முறைப்படி 'நான்-இமிக்ரன்ட் பி' விசா வேண்டும். நான் ஜூனில் பள்ளிக் கடிதத்தோடு நோங் காய் போய், மீகாங் ஆற்றின் மேல் நட்புப் பாலத்தைத் தாண்டி, லாவோஸின் வியன்டியனில் இருக்கிற தாய்லாந்துத் தூதரகத்தில் வரிசையில் நின்று வாங்கினேன். அது தொண்ணூறு நாளுக்கு. அதற்குள், அப்போது நீலப் புத்தகமாக இருந்த ஒரு வேலை அனுமதி, குருசபாவின் தற்காலிக அனுமதி, பிறகு விசா நீட்டிப்பு. அதன் பின்னும் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை 'இங்கேதான் இருக்கிறேன்' என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்ல வேண்டும். நம் பி.எட்.டுக்கு அங்கே உண்மையான மதிப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நான் இருந்தபோது கல்வியியல் பட்டம் இருந்தால் முழு உரிமத்துக்கே விண்ணப்பிக்க முடிந்தது. வெறும் பட்டத்தோடு வந்த ஃபராங்குகள் பலருக்கு அது இல்லை. சென்னையிலேயே தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. வேலையை உறுதி செய்துகொண்டு அதன் வழியாக பி விசா வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் சரியான வழி. நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, 'சொந்தக்காரர்' அல்லாதவர்களுக்கு டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வு. 990க்கு 600 எடுக்க வேண்டியிருந்தது. எம்.ஏ. இலக்கியம் படித்து, ஷேக்ஸ்பியரை மூன்று பருவம் நடத்திய நான், பாங்காக்கில் அசோக் பக்கம் ஒரு கட்டடத்தில், விமான நிலைய அறிவிப்பைக் காதில் கேட்டு 'விமானம் ஏன் தாமதம்?' என்பதற்கு வட்டம் கறுப்பாக்கினேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 'சொந்தக்காரர்'களுக்கு இந்தத் தேர்வு இல்லை என்பதுதான் உறுத்தியது. மற்றபடி, ஆங்கிலம் சொல்லித் தருகிறவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று பார்ப்பது நியாயம்தானே. எல்லோரையும் பார்த்தால் இன்னும் நியாயம். 945 வந்தது. கேட்டல் பகுதியில்தான் போனது. ஆஸ்திரேலியக் குரல் ஒன்று என்னைக் கவிழ்த்துவிட்டது.

சரி, வகுப்புக்கு வருவோம். அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

தாய்லாந்து நாக்கு ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தைக் கடித்து விழுங்கிவிடும். அவர்கள் மொழியில் 'ஸ்', 'ல்' ஒலியில் சொல் முடியாது. அதனால் பஸ் 'பட்' ஆகும். ஆப்பிள் 'ஆப்பென்'. ஃபுட்பால் 'ஃபுட்போன்'. புத்தகத்தில் நாக்கு எங்கே வைக்க வேண்டும் என்று படம் இருந்தது. கண்ணாடி வைத்துக் காட்டினேன், பாட்டுப் பாடினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மதியம், நாற்பத்தைந்து பிள்ளைகள் 'பட்' 'பட்' என்று கத்த, அலுத்துப் போய் எனக்குள்ளே தமிழில் முனகினேன்: "ஐயோ, பட் இல்ல, பஸ்ஸு." முன் வரிசைப் பையன் ஒருவன் உடனே திருப்பிச் சொன்னான்: "பஸ்ஸு." 'ஸ்' கணீரென்று வந்தது.

அப்போதுதான் புரிந்தது. நாம் தமிழில் இதற்கு நேர்மாறான தப்பு செய்கிறோம். சொல் மெய்யில் முடிந்தால் நமக்குத் தாங்காது, ஒரு 'உ' சேர்த்துவிடுவோம். பஸ்ஸு, புக்கு, காலேஜு, பாலு. அவர்கள் முடிவைத் தின்கிறார்கள், நாம் முடிவுக்கு வால் ஒட்டுகிறோம். வால் ஒட்டினால் அந்த எழுத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்புறம் வாலை நறுக்கிவிட்டால் போதும். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் முறை இதுதான். முதலில் 'பஸ்ஸு' என்று உரக்க, அப்புறம் 'பஸ்ஸ்' என்று மெதுவாக 'உ'வை விழுங்கி, கடைசியில் 'பஸ்'. ஆப்பிளு, ஆப்பிள்ள், ஆப்பிள். இரண்டு வாரத்தில் மத்தயோம் ஒன்றாம் வகுப்பு முழுக்க 'ஸ்'ஸில் முடிக்கக் கற்றுக்கொண்டது. பின்விளைவும் இருந்தது. சிலருக்கு வால் நறுக்குவது மறந்துபோய், தாழ்வாரத்தில் என்னைப் பார்த்ததும் "டீச்சர், ஃபுட்பாலு!" என்று கத்துவார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மைதானத்தில் நிற்பது போல இருக்கும்.

லண்டனில் பிறந்த ஒருவருக்கு இது தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். அவர் நல்ல ஆசிரியராக இருந்து வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம், அது வேறு. நான் இங்கிலீஷை ஒவ்வொரு செங்கலாகக் கட்டியவள். 'ஹேட் பீன்' எங்கே வரும் என்று எட்டாம் வகுப்பில் அழுதது நினைவிருக்கிறது. அதனால் ஒருவன் எங்கே அழுவான் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் இதைப் பெரிதாகச் சொல்லவும் கூடாது. பேச்சு வழக்கின் நெளிவு சுளிவு என்னிடம் இல்லை. பிள்ளைகள் யூடியூபில் கேட்டு வந்து ஒரு கொச்சைச் சொல்லின் அர்த்தம் கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

அக்டோபர் விடுமுறையில், 13ஆம் தேதி மன்னர் பூமிபோல் இறந்தார். அரசு ஊழியர்களுக்கு ஒரு வருடம் துக்கம். ஊர் முழுக்கக் கறுப்புத் துணிக்குத் தட்டுப்பாடு, தெரு ஓரத்தில் பெரிய அண்டாவில் சாயம் காய்ச்சி மக்கள் கொண்டுவந்த துணிகளை முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுபோன பச்சைச் சுடிதார் இரண்டையும் அதில் போட்டேன். பதினாறு நாள் கழித்துத் தீபாவளி. வீடியோவில் என்னைப் பார்த்த அம்மா, "ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா கறுப்ப உடுத்திக்கிட்டு நிக்கியே!" என்று அலறினாள். ராஜா செத்துட்டாரும்மா என்றேன். "எந்த ராஜா?" என்றாள். அவளுக்கு அப்போதைக்கு அதற்கு மேல் விளக்க முடியவில்லை.

டிசம்பரில் பக்கத்து மாவட்டத்தில் ஆங்கில முகாம். பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகளும் ஆசிரியர்களும். எங்கள் தலைமை ஆசிரியை முகமெல்லாம் சிரிப்பாக என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "டீச்சர், வாங்க, உங்க நாட்டுக்காரங்க வந்திருக்காங்க!" எனக்கு வயிறு கலங்கியது. அங்கே நின்றவர் ஐம்பது வயதுப் பெண்மணி. என் அத்தையைப் போலவே இருந்தார், அதே நிறம், அதே மூக்கு. தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலைமை ஆசிரியை போகும் வரை பொறுத்து, "டர்பனில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பாளையங்கோட்டை" என்றேன்.

ஒரு கணம் அமைதி. அப்புறம் சிரித்தார் பாருங்கள், முகாமே திரும்பிப் பார்த்தது. "எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் வட ஆற்காடு" என்றார். எனக்கு அன்றிலிருந்து அவர் டர்பன் அக்கா. அவருக்குத் தெரிந்த தமிழ் முப்பது சொல் இருக்கும்: தண்ணி, சோறு, ஐயோ, தாத்தா. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அங்கே 'பாரிட்ஜ் ப்ரேயர்' என்பார்களாம். முதலியார் மூட்லி ஆனதும் பிள்ளை பிலே ஆனதும் கவுண்டர் கவெண்டர் ஆனதும் அவர் சொல்லித்தான் தெரியும். 1860 நவம்பர் 16ஆம் தேதி, மதராஸிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற கப்பல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நாளை வருடா வருடம் அங்கே நினைவுகூர்கிறார்கள். அவர் ஆட்கள் அதில் போனார்களா, பின்னால் வந்த எதில் போனார்களா என்பது அவருக்குத் தெரியாது.

சம்பளம் கேட்டேன். தயங்கிச் சொன்னார்: 34,000. படித்தது புவியியல். டோயிக் கேட்டார்களா என்றேன். அவருக்கும் சில இடத்தில் தொல்லைதான். தென்னாப்பிரிக்காவைச் சில பள்ளிகள் பட்டியலில் சேர்க்கும், சில பள்ளிகள் சேர்க்காது. சேர்க்கிற பள்ளியிலும் புகைப்படம் பார்த்த பிறகு இடம் நிரம்பிவிட்டது என்று எழுதுவார்கள். பட்டியலில் கடைசி இடம், அதிலும் முகம் சரியில்லை.

அன்று இரவு மாணவர் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. ஒரே துறைமுகம். அவர் பாட்டனுக்குப் பாட்டனைத் தோட்டக் கூலிக்குக் கப்பலேற்றினார்கள், என் பாட்டனுக்குப் பாட்டன் வயலை விட்டு நகரவில்லை. அந்தப் பயணத்துக்கு நூற்றைம்பது வருடம் கழித்து மாதம் 14,000 பாத் கூலி சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பள்ளியில் படித்தவர் அவர். "எங்களுக்கு இங்கிலீஷ் சும்மா கிடைக்கவில்லை. தமிழைக் கொடுத்துவிட்டு வாங்கினோம்" என்றார். எனக்குத் தமிழும் இருக்கிறது, இங்கிலீஷும் இருக்கிறது, சம்பளம்தான் இல்லை. இதில் யார் லாபம் என்று இருவரும் அன்று முடிவு செய்யவில்லை.

முகாம் முடிந்து ரோய் எட்டுக்குத் திரும்பியதும் தலைமை ஆசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் தூங்காமல் ஒத்திகை பார்த்த பேச்சு. அவர் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியுமே, உங்க பாஸ்போர்ட் காப்பி என் மேஜையில்தானே இருக்கு" என்றார். "பெற்றோர்களுக்கு சவுத் ஆப்பிரிக்கா என்றால் சந்தோஷம்." முகாமில் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது எதற்கு என்று கேட்கத் துணிவு வரவில்லை. இன்று வரை தெரியவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவிட்டேன். இந்தியா என்றதும் ஒரு பெண் எழுந்து, "அப்படியானால் டீச்சர் சிங்கம் பார்த்தது பொய்யா?" என்றாள். பொய்தான். ஆனால் வண்டலூரில் பார்த்திருக்கிறேன் என்றேன்.

இரண்டு வருடம் இருந்தேன். இரண்டாம் வருடம் பள்ளி நேரடியாகவே எடுத்துக்கொண்டது, 23,000 பாத். அறை வாடகை 3,000, சாப்பாடு ஒரு தட்டு நாற்பது பாத், ஒட்டும் அரிசிச் சோறும் பப்பாளிக்காய் சாலட்டும். போனவுடன் மீன் சாறு வாசனையில் ஓடியவள் திரும்பும்போது பாட்டிலோடு வந்தேன். கையில் நின்ற பணம் சுமார் நான்கு லட்சம். இப்போது யாராவது போகட்டுமா என்று கேட்டால் முதலில் ஒரு கேள்விதான் கேட்பேன்: எந்தப் பட்டியலில் போகிறீர்கள் என்று தெரியுமா? அது தெரிந்து போனால் இரண்டு வருடம் நன்றாகவே கழியும். தெரியாமல் போனால் முதல் ஆறு மாதம் உங்கள் முகத்தையும் உச்சரிப்பையும் கண்ணாடியில் சந்தேகப்பட்டே போய்விடும், எனக்குப் போனது.

2018 மார்ச்சில், கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். அடுத்த வருடத்துக்குப் பெற்றோர்கள் கூடுதலாகப் பணம் போட்டிருக்கிறார்கள், இந்த முறை சாவ் கோங் பாஸா எடுக்கிறோம் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தாளை நீட்டினார். இணையத்தில் போடப்போகிற விளம்பரம், அவரே ஆங்கிலத்தில் எழுதியது. "க்ரூ, கொஞ்சம் இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாருங்க."

நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும், சம்பளம் 35,000, புகைப்படம் அவசியம். நான்கு வரி, ஐந்து தப்பு. பேனாவை எடுத்தேன். 'நேட்டிவ் ஸ்பீக்கர்' முன்னால் 'எ' விட்டுப்போயிருந்தது, போட்டேன். 'டீச்சிங் எக்ஸ்பீரியன்சஸ்' என்பதில் கடைசி 'எஸ்'ஸை அடித்தேன். 'ஒன்லி' என்ற சொல்லை எங்கே வைப்பது என்பதில்தான் கொஞ்ச நேரம் போனது.